ஃப்ரீசரில் இருந்த நன்னாரி

வீடு பிடிச்சிருக்கா டீச்சர்? பிடிக்காம என்ன. காத்து பாத்தியளா, சன்னலத் திறந்து வச்சா ஃபேனே வேண்டாம். உக்காருங்க. முறுக்கு எடுத்துக்கோங்க, நேத்துச் சுட்டது. வாடகை, அட்வான்சு எல்லாம் எங்க வீட்டுக்காரவுககிட்டப் பேசிக்கோங்க, கடைக்குப் போயிருக்காக, இப்ப வந்துருவாக. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்ககிட்ட மீன் இருக்கா?

சிரிக்காதிய. கொழம்பு வைக்க மீனக் கேக்கல. நீங்க சைவம்னு புரோக்கர் முதல்லயே சொல்லிட்டான். சைவமில்லாதவுகள நாங்க வாசப்படி ஏத்தறதில்ல. அதுல சாதி கீதியெல்லாம் ஒண்ணும் கிடையாது, அந்த வாடை எனக்கு ஆகாது, அவ்வளவுதான். நான் கேக்கது கண்ணாடிச் சாடியில போட்டு வளப்பாகளே, அந்த மீனு. இல்லையா? இனிமே வாங்கற எண்ணமும் இல்லையே? அப்பச் சரி.

ஏன் இப்படிக் கேக்கேன்னு நினைப்பிய. பட்டவளுக்குத்தான தெரியும். இப்ப நினைச்சாலும், பாருங்க, கையில மயிரு குத்திட்டு நிக்கு. சீ. நீங்க முறுக்கத் தின்னு முடிச்சிருங்க, பொறவு சொல்லுதேன். இந்தக் கதையக் கேட்டுட்டு எதுவும் உள்ள இறங்காது.

உங்களுக்கு முன்னால மாடியில இருந்தவ பேரு தேன்மொழி. இங்க பாளையங்கோட்டையிலயே ஒரு கண்ணாஸ்பத்திரியில வேலை. கண்ணுல லைட்டடிச்சு என்ன கண்ணாடி போடணும்னு பாத்துச் சொல்லுத வேலை. தனி ஆளு. ஊரு செங்கோட்டைப் பக்கம், அவ அப்பாவுக்கு அங்க சர்பத் கடை. என்ன ஆளுகன்னு நான் கேக்கல. நான் யார்கிட்டயும் அப்படிக் கேக்கவே மாட்டேன். அப்பா பேரு என்ன, குலசாமி எது, சொந்தபந்தமெல்லாம் எந்தப் பக்கம்னு சும்மா பேச்சுவாக்குல ஒரு நாலஞ்சு வாட்டி கேட்டிருப்பேன். அவ எதுக்கும் பிடி கொடுக்கல. "அத்தை, நான் சின்னப் பிள்ளையில இருந்தே முட்டை கூடத் தொட்டதில்ல"ன்னா. அது நிசந்தான், பொய் சொல்லக் கூடாது. ஒரு முட்டை ஓடு நான் பாத்ததில்ல. குப்பைவாளிய நான் தினமும் பாப்பேன்ல.

வந்த புதுசுல, "அத்தை, ஒரு மீனு வச்சிருக்கேன், வளக்கலாமா?"ன்னு கேட்டா. வளக்கத்தான, திங்கதுக்கு இல்லியேன்னு விட்டுட்டேன். ஃபைட்டர் மீனாம். ஒரே ஒரு மீனு. கூட இன்னொண்ணப் போட்டா ரெண்டும் அடிச்சுச் செத்துருமாம். நீலமும் செவப்புமா, வாலு மட்டும் பட்டுப்பாவாடைய விரிச்ச மாதிரி. பேரு ராசா. "ராசா, சாப்பிடு ராசா"ன்னு அவ கொஞ்சுறதப் பாக்கணுமே, கட்டின புருசனக் கூட அப்படி எவளும் கொஞ்ச மாட்டா. டப்பாவுல இருந்து கடுகு மாதிரி உருண்டைய எடுத்துப் போடுவா. அது அதத் தின்னு பாத்துட்டுத் துப்பும். மறுபடியும் தின்னும், மறுபடியும் துப்பும். நான் நினைச்சேன், பரவாயில்லையே, நம்ம வீட்டுக்கு வந்த மீனும் சைவந்தான்னு.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரே பொண்ணு டீச்சர், வடிவுன்னு பேரு. கல்யாணமாகி ரொம்ப நாளு கழிச்சுப் பிறந்தவ. எனக்கு அவளத் தவிர என்ன இருக்கு? வீடு இருக்கு, நகை இருக்கு, அதெல்லாம் இருந்து என்ன செய்ய. அவளுக்கு ஒரு நல்ல இடம் அமையணும்னு நான் கும்பிடாத சாமி இல்ல. அப்பத்தான் அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு இடம் வந்துச்சு. பையன் பேங்குல இருக்கான். குடும்பம்னா அப்படி ஒரு குடும்பம். வெள்ளிக்கிழமை வெங்காயம் சேக்க மாட்டாக. ஓட்டல்ல தண்ணி கூடக் குடிக்க மாட்டாகளாம். எனக்குக் கேட்ட உடனேயே மனசு நிறைஞ்சு போச்சு. இந்த இடம் கைவிட்டுப் போச்சுன்னா நான் உசிரோட இருக்கதுல அர்த்தமில்லன்னு எங்க வீட்டுல அவுககிட்டச் சொன்னேன்.

பொண்ணு பாக்க வாரோம்னு அவுக நாள் சொன்னதும், எங்க ஃப்ரிட்ஜு மண்டையப் போட்டதும் ஒண்ணா நடந்துச்சு. நல்ல சித்திரை வெயிலு. பாலு, தயிரு, மாவு எல்லாத்தையும் வச்சுக்கிட்டு நான் முழிச்சிட்டு நிக்கேன். தேன்மொழி, "என் ஃப்ரிட்ஜு காலியாத்தான அத்தை கிடக்கு, கீழ்த்தட்டுல வச்சுக்கோங்க"ன்னா. சாவி ஒண்ணு எப்பவும் என்கிட்ட இருக்கும். வீட்டுக்காரிகிட்ட இல்லாம? கீழ்த்தட்டுல வைங்கன்னுதான் சொன்னா. மேல இருக்க ஃப்ரீசரத் திறக்காதியன்னு அவ சொன்னாளா? சொல்லல. அங்கதான் டீச்சர் அவ தப்புப் பண்ணிட்டா.

மாப்பிள்ளை வீட்டுல நாலு மணிக்கு வாரோம்னவுக ரெண்டு மணிக்கே வந்து நிக்காக. மாப்பிள்ளையோட அம்மா வேர்த்து விறுவிறுத்துப் போய் உக்காந்திருக்காக. "காப்பி வேண்டாம், குளுச்சியா ஏதாவது இருந்தாக் கொடுங்க"ன்னு அவுகளே வாய விட்டுக் கேட்டாக. நான் மாடிக்கு ஓடுனேன், ஐஸ் இருக்கான்னு பாக்க. ஃப்ரீசரத் திறந்தா ஐஸ் இல்ல. ஒரு அட்டை இருக்கு. மாத்திரை அட்டை இருக்கும்லா, அதே மாதிரி, ஆனா பெரிசு. குழிக்குக் குழி கருஞ்செவப்பா ஒரு கட்டி. பாத்த உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. நன்னாரி!

பின்ன? அவ அப்பா சர்பத் கடைக்காரரு. "அடுத்த வாட்டி ஊருக்குப் போனா உங்களுக்கு நன்னாரி கொண்டு வாரேன் அத்தை"ன்னு அவதான் சொல்லியிருந்தா. போன வாரந்தான் ஊருக்குப் போய்ட்டு வந்திருக்கா. கொண்டாந்து என்கிட்டச் சொல்லாம மேல ஒளிச்சு வச்சிருக்கா பாரு கள்ளின்னு நினைச்சேன். இப்பல்லாம் எல்லாத்தையும்தான் உறைய வச்சு விக்கான், பட்டாணிய விக்கான், பரோட்டாவ விக்கான், நன்னாரிய விக்க மாட்டானா? அட்டைக்குப் பின்னால இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருந்துச்சு. கண்ணாடி கீழ கிடந்துச்சு. ஒரு மீன் படம் போட்டிருந்துச்சு. அது கம்பெனி முத்திரைன்னு நினைச்சேன். கோழிப் படம் போட்டு தீப்பெட்டி விக்கலையா?

எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு, சீனியக் கரைச்சு, ஊறப்போட்ட சப்ஜா விதையும் போட்டு, அந்த அட்டை முழுசையும் பிதுக்கி உள்ள தள்ளிட்டேன். கலக்குனேன். நிறம் அப்படி ஒரு நிறம், ரோசாப்பூ மாதிரி. உள்ள செவப்பா நார் நாரா மிதக்கு. வேரத் தட்டிப் போட்டிருக்கான், நல்ல சரக்குன்னு நினைச்சேன். லேசா ஒரு வாடை வந்துச்சு. குளத்துத் தண்ணி வாடை. வேருன்னா மண் வாடை அடிக்கத்தானே செய்யும்?

சீ, சீ, சீ. என் வாயால சொல்லவே முடியல டீச்சர்.

குடிச்சாக. எல்லாரும் குடிச்சாக. மாப்பிள்ளை குடிச்சாரு, அவரு அப்பா குடிச்சாரு, எங்க வீட்டுல அவுகளும் குடிச்சாக. அடுக்களையில நானும் வடிவும் ஆளுக்கொரு டம்ளர் குடிச்சோம். உண்மையச் சொல்லணும்னா, நல்லாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா இருக்காகளே, அவுக அந்த நார நாக்குல வச்சு மென்னு பாத்துட்டு, "கடைச் சரக்கு இல்ல இது. வேரு நாக்குல தட்டுது பாருங்க. இப்படி நன்னாரி குடிச்சு எத்தனை வருசமாச்சு"ன்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னாக. எனக்கு வானத்துல நடக்க மாதிரி இருந்துச்சு. "இன்னொரு டம்ளர் கொடுங்க"ன்னு நீட்டுதாக. நான் செம்ப எடுக்கேன்.

அப்பத்தான் தேன்மொழி வேலையில இருந்து வந்து, மாடிக்குப் போய்ட்டு, படபடன்னு கீழ இறங்கி வந்தா. வாசல்ல இத்தனை செருப்பு கிடக்கே, விருந்தாள் இருக்காகளே, மெள்ள வரணும்னு இல்ல. "அத்தை, ஃப்ரீசர்ல ராசாவுக்கு வச்சிருந்தது..."ன்னு ஆரம்பிச்சவ, அப்படியே நின்னுட்டா. என் கையில இருந்த செம்பப் பாத்தா. எல்லார் கையிலயும் இருந்த டம்ளரப் பாத்தா. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டுத் தலை குனிஞ்சு உக்காந்திருந்த வடிவப் பாத்தா.

மாப்பிள்ளையோட அம்மா, "இந்தப் பிள்ளையா நன்னாரி கொண்டாந்தது? எங்க வாங்குனது தாயி?"ன்னு கேட்டாக.

அவ வாசப்படிய விட்டு உள்ள வந்தா. பொறவு சொல்லுதா, "எங்கப்பா கையால எடுத்தது மா. மலை நன்னாரி. ஒரு டம்ளருக்கு மேல குடிக்கக் கூடாது, வயித்தக் கலக்கிரும்." சொல்லிக்கிட்டே என் கையில இருந்த செம்ப வாங்கிட்டா. "ஐஸ் போட்டுக் கொண்டு வாரேன்"னு மாடிக்குக் கொண்டு போனவதான், திரும்பக் கொண்டு வரவே இல்ல. அவுகளும் கேக்கல. பொண்ணப் பிடிச்சிருக்குன்னு அங்கயே சொல்லி, தட்டு மாத்த நாளும் குறிச்சிட்டுப் போயிட்டாக.

எனக்கு அவ மேல கோவம். நல்ல சர்பத்தக் கொண்டு போய்க் கவுத்துட்டாளேன்னு. விருந்தாள் போனதும் மாடிக்கு ஏறுனேன். "ஏளா, ஒரு செம்பு சர்பத்துக்கா இந்தப் பாடு"ன்னேன். அவ ஃப்ரீசரத் திறந்தா. ஃப்ரீசர்ல ஓரமா இன்னொரு அட்டை கிடந்துச்சு, அதுல ஒரு கட்டிய எடுத்துச் சின்னக் கிண்ணத்துல போட்டா. சாடித் தண்ணியில ஒரு கரண்டி மொண்டு ஊத்துனா. கட்டி கரையுது. நார் நாராப் பிரியுது. ஒரு பல்குத்துற குச்சியால ஒரு நார எடுத்துச் சாடிக்கு மேல பிடிச்சா. அந்த மீனு சர்ருன்னு வந்துச்சு. ஒரு இழுப்பு. வாயில பாதி, வெளிய பாதி. அப்பத்தான் பாக்கேன், நாருக்குத் தலை இருக்கு.

"ரத்தப்புழு அத்தை"ங்கா. "உருண்டைய அது தின்ன மாட்டேங்குது, மெலிஞ்சு போச்சு. இதத்தான் கொடுக்கணும்னு கடையில சொன்னாக. வாரத்துல ரெண்டு வாட்டி, ஒரு நேரத்துக்கு ரெண்டு மூணு புழு, அதுக்கு மேல கொடுத்தா வயிறு ஊதிரும்"ங்கா.

ரெண்டு மூணுக்கு மேல கொடுத்தாலே மீனுக்கு வயிறு ஊதுமாம். நான் ஒரு டம்ளர் குடிச்சிருக்கேன்.

அங்கயே, அந்தத் தரையிலயே வாந்தி எடுத்துட்டேன் டீச்சர். நிக்கவே இல்ல. குடலு வெளிய வந்துருமோன்னு ஆயிருச்சு. அவ என் தலையப் பிடிச்சுக்கிட்டா. முதுகத் தடவி விட்டா. தொடாதங்கேன், கேக்கல. உப்புத் தண்ணி கரைச்சுக் கொடுத்தா. தரையையும் அவளே தொடச்சா. "பயப்படாதிய அத்தை, அது செத்த புழுதான், ஒண்ணும் செய்யாது, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கா. நான் வேப்பங்கொழுந்தத் தின்னேன். குறுக்குத்துறைக்குப் போய் ஆத்துல முங்கி எந்திரிச்சேன். நாக்க வழிச்சு வழிச்சு ரத்தம் வந்துச்சு. அந்த டம்ளரு அம்புட்டையும் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டேன். ஒரு மாசம் சேமியாவக் கண்டா எனக்கு உடம்பு உதறும்.

மறுநா காலையில அவளக் கூப்பிட்டு வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டேன்.

என்ன அப்படிப் பாக்கிய? நீங்களே யோசிச்சுப் பாருங்க. சைவ வீட்டுக்குள்ள புழுவக் கொண்டாந்து வச்சது யாரு? நானா? அட்டைக்கு மேல புழுன்னு தமிழ்ல எழுதி ஒட்டியிருந்தா நான் தொடுவேனா? சரி, அதக்கூட மன்னிச்சு விட்டுருவேன். என்னால தாங்க முடியாதது வேற. அத்தனை பேருக்கு முன்னால, முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம, "எங்கப்பா கையால எடுத்தது"ன்னு சொன்னா பாருங்க, என்ன நெஞ்சழுத்தம்! அப்படிப் பொய் சொல்லத் தெரிஞ்சவள எப்படி வீட்டுல வச்சுக்கிட முடியும்? இன்னைக்கு எனக்காகச் சொன்னவ நாளைக்கு எனக்கே சொல்ல மாட்டாளா? அதுவும் போக, அவ மாடியில இருந்தா கல்யாணத்துக்கு வருவா, சம்பந்தி வீட்டு ஆளுக முன்னால நடமாடுவா. ஒரு வார்த்தை வாய் தவறிச்சுன்னா என் பிள்ளை வாழ்க்கை என்னாகும்?

எங்க வீட்டுல அவுக, "அந்தப் பிள்ளை நம்ம மானத்தக் காப்பாத்தியிருக்கு, விடு பிரமு"ன்னாக. அவுகளுக்கு என்ன தெரியும். அவ அழல கிழல. "சரி அத்தை"ன்னா. சாடியத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு ஆட்டோவுல ஏறுனா. போகும்போது, "வடிவ நான் கேட்டதாச் சொல்லுங்க"ன்னா. சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அவளே காலி பண்ணிட்டுப் போயிட்டான்னு வடிவுகிட்டச் சொல்லிட்டேன்.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. பொறவு சம்பந்தியம்மா எப்ப இங்க வந்தாலும், "அந்த நன்னாரி இருக்கா?" நானும் பாளையங்கோட்டையில ஒரு கடை விடல, வாங்கிக் கலக்கிக் கலக்கிக் கொடுக்கேன். ஒரு மடக்கு குடிச்சிட்டு, "அந்த ருசி இல்ல"ன்னு வச்சிருவாக. நான் டம்ளர வாங்கிக்கிட்டுச் சிரிச்சிட்டு நிப்பேன். வடிவும் கூடச் சிரிப்பா. அவளுக்கு அப்ப ஒண்ணும் தெரியாது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. சம்பந்தியம்மாவுக்குக் கண்ணுல புரை. வடிவு அவுகளக் கூட்டிட்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா பாருங்க. ஊருல வேற ஆஸ்பத்திரியே இல்லாத மாதிரி. அங்க அவ இருக்கா. சம்பந்தியம்மா, "இது நன்னாரிப் பிள்ளைல்லா!"ன்னு கையப் பிடிச்சிருக்காக. அப்பவும் அவ நன்னாரியப் பத்தி வாயத் திறக்கல. ஏன்க்கா சொல்லாமக் கொள்ளாமப் போனன்னு வடிவு கேட்டதுக்கு மட்டும், "அத்தை காலி பண்ணச் சொன்னாக"ன்னு சொல்லியிருக்கா. போதாதா? அன்னைக்கே வடிவு எனக்குப் போன் போட்டுட்டா. ஏன், ஏன்னு குடைஞ்சு எடுத்துட்டா. பெத்த பிள்ளைகிட்ட எத்தனை நேரம் மறைக்க? எல்லாத்தையும் சொன்னேன். சொன்னா, கூறுகெட்ட பிள்ளை, போன வச்ச கையோட நேரா மாமியார்கிட்டப் போய் அதச் சொல்லியிருக்கா!

முடிஞ்சுது, இனி பிள்ளையப் பெட்டியோட கொண்டாந்து விட்டுருவாகன்னு வாசலப் பாத்து உக்காந்திருக்கேன். அந்தம்மா என்ன செஞ்சாக தெரியுமா? சிரிச்சாகளாம். கண்ணுல தண்ணி வர, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாகளாம். சிரிச்சு முடிச்சிட்டு, "அந்தப் பிள்ளை இப்ப எங்க குடியிருக்கு?"ன்னு கேட்டாகளாம். வெங்காயம் சேக்காத குடும்பமாம். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே.

போன வாரம் வளைகாப்பு. வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வரணும், முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. நானும் எங்க வீட்டுல அவுகளும் வண்டி பேசிக்கிட்டுப் போனோம். சித்ரான்னம் ஏழு வகை என் கையால கிண்டிக் கொண்டு போயிருக்கேன். சபையில தேன்மொழி உக்காந்திருக்கா. வடிவு பக்கத்துல. வடிவு தட்டுல அவ எடுத்து வைக்கா, அத இவ திங்கா. என் தூக்குவாளியத் திறக்கல.

எல்லாம் முடிஞ்சு கிளம்பலாமான்னேன். "நான் வரலம்மா, இங்கயே பெத்துக்கிடுதேன்"ங்கா. ஏன்ளான்னேன். "அங்க வந்தா எனக்குக் குமட்டும்"ங்கா. அடிப் பைத்தியக்காரி, இன்னுமா அந்தப் புழுவ நினைச்சிட்டிருக்க, டம்ளரு, செம்பு, கரண்டி எல்லாத்தையும் மாத்திட்டேன்ளா, அடுக்களைக்குப் புதுசா வெள்ளையடிச்சிட்டேன்னு சொன்னேன்.

"புழுவுக்கு இல்லம்மா. நானுந்தான அதக் குடிச்சேன், என்ன செஞ்சுச்சு? எனக்காக அந்த அக்கா வாய் கூசாமப் பொய் சொன்னா. நீ எடுத்த வாந்திய அள்ளுனா. மறுநா நீ அவள வெளிய போகச் சொல்லியிருக்க. அத நினைச்சுட்டு உன் கையால ஒரு வாய் வாங்கித் திங்க எனக்கு முடியலம்மா, குமட்டுது. அவ திரும்ப மாடிக்கு வரட்டும், நானும் வாரேன்." அப்படிச் சொல்லிட்டா.

அதான் டீச்சர், உங்ககிட்ட இன்னைக்கே சாவியக் கொடுத்துரலாம்னு பாக்கேன். மாடிக்கு ஆள் வந்தாச்சுன்னா அந்தப் பேச்சுக்கே இடமில்லல்லா. வடிவும் வேற வழியில்லாம வந்துருவா. வராம எங்க போவா, பெத்தவ வீடு இருக்கையில?

நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல. மசக்கைக்காரி பேச்சு அது. மசக்கையில சில பிள்ளைகளுக்குப் பெத்த தாயக் கண்டாலே ஆகாது. எனக்கு அவ வயித்துல இருக்கையில ரசம் வாடை ஆகாது, மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவேன். வண்டியில வரும்போது எங்க வீட்டுல அவுககிட்டயும் அதத்தான் சொன்னேன். இது மசக்கைக் குமட்டல், மூணு மாசம் ஆச்சுன்னா தன்னால நின்னுரும்னு. அவுக சன்னல் பக்கமாவே பாத்துக்கிட்டு வந்தாக. ரொம்ப தூரம் தாண்டின பொறவு, "அவளுக்கு இது ஏழாம் மாசம் பிரமு"ன்னாக.